மல்லிக்காட்டுக்கு அடுத்த காடு

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊர் டீக்கடையில் கூடிப் பேசி, எல்லோரும் பருத்தி விதைப்பதென்று முடிவானது. எனக்குக் கொத்தமல்லி போட ஆசை. மழை ஏமாற்றினாலும் மார்கழிப் பனியிலேயே விளைந்துவிடும். ஆனால் என்னைக் கேட்டபோது, எல்லாரும் சொன்னால் சரிதான் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அவர் மட்டும் தன் காட்டில் மல்லிதான் என்றார். வாதாடவில்லை. சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார்.

அவர் காட்டுக்கும் என் காட்டுக்கும் ஒரே வரப்பு. கார்த்திகையோடு மழை நின்றது. என் பருத்தி முழங்கால் உயரத்திலேயே சுருண்டு கருகியது. வரப்புக்கு அந்தப் பக்கம் மல்லி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. காற்றடித்தால் வாசம் என் பக்கம்தான் வரும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் மாட்டைச் சுற்றுப்பாதையில் ஓட்டிப் போனேன். விளைச்சலைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மனசில் இருந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தை பிறந்ததும், கருகிய காடுகளை ஆடுகளுக்குத் திறந்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அண்ணன் பதினைந்து நாள் பொறுக்கச் சொன்னார்.

"ஊருக்கு ஒரு நியாயம், ஒனக்கு ஒரு நியாயமா?" என்றார் ஒருவர்.

அவர் காட்டுக்கு மூன்று பக்கமும் ஓடையும் முள்ளும். ஆடு நுழைய என் காடுதான் வழி. நான் மட்டும் திறக்க மாட்டேன் என்றால் போதும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"ஊரு என்ன சொல்லுதோ அதான்" என்றேன்.

அவரும் மதினியும் வரப்பு நெடுகக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, வெயிலில் மாறி மாறிக் காவல் நின்றார்கள். ஒரு மத்தியானம் அவர்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரம், ஆடுகள் முள்ளை விலக்கி உள்ளே போவதைப் பார்த்தேன். ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வயிறு குளிர்ந்தது என்பார்களே, அப்படி இருந்தது. அவர்கள் ஓடி வருவதற்குள் ஒரு மூலை முழுக்கப் போய்விட்டது.

மிச்சம் நன்றாக விளைந்தது. மதினி ஒரு படி மல்லி கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அதை வறுத்து அரைத்து வைத்த குழம்பின் வாசத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றேன்.

அடுத்த வருஷம் ஊரே மல்லி என்றது, தானே கண்டுபிடித்தது போல. நானும் சரி என்றேன். விதை வாங்கப் போன பஸ்ஸில் அண்ணன் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. என்மேல் கோபமில்லையா என்று கேட்டேன்.

"நீ மறிச்சாலும் ஊரு தெறந்திருக்கும்லே. நீ என்ன செய்வ" என்றார்.

அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். அருப்புக்கோட்டை வரும்வரை நான் அந்தத் தூக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அப்படித் தூக்கம் வந்து ரொம்ப நாளாகியிருந்தது.