பரணில் இருந்தது எலி இல்லை

செஞ்சிக் கோட்டை நெற்களஞ்சியத்து வௌவால்கள் ஒன்றாய்க் கிளம்பினால் ராஜகிரி மலையே கொஞ்சம் ஆடி அடங்கும் என்பாள் காத்தாயி. அதில் பாதியை நம்பினால் போதும். ஆனால் அந்த வௌவால்களின் எச்சத்தைப் பற்றி அவள் சொன்னதில் பொட்டுப் பொய் கிடையாது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் அவள் தாலி போயிருந்தது.

அவளும் புருஷன் பச்சமுத்துவும் களஞ்சியத்து எச்சத்தை வாரி, வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லைகளுக்கு எருவாகப் போட்டுப் பிழைத்தார்கள். ஒரு கத்திரி வெயிலில் பச்சமுத்து காய்ந்த எச்சத்தைப் பெருக்கிக் குவித்தான். புகைபோலக் கிளம்பிய தூசியில் நாளெல்லாம் நின்றான். பதினைந்து நாளில் காய்ச்சல், பிறகு இருமல். புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். இந்தத் தூசி நெஞ்சுக்குள் இறங்கி நோயாகும், தண்ணீர் தெளிக்காமல் வாராதே, மூக்கைக் கட்டிக்கொள் என்றார். பச்சமுத்து ஆடி மாதம் தாண்டவில்லை. காத்தாயிக்கு வேறு பிழைப்பு இல்லை. ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு அதே களஞ்சியத்துக்குப் போனாள்.

அறுபத்து நாலாம் வருஷம் வைகாசியில் ஒரு நாள், சந்திரநாதன் என்ற நிலக்காரர் வீட்டுக் கொல்லைக்கு எரு போட்டுவிட்டு, மோர் கேட்க அவர்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தாள். ஜைனக் குடும்பம். வாசலில் வண்டி பூட்டி நின்றது. அந்த வீட்டு மருமகள் மருதேவிக்கு மூன்று மாதமாக இருமலும் காய்ச்சலும். காசநோய்தான் என்று மாமியார் ருக்மணியம்மாள் தீர்மானித்து, அவளைத் தொண்டூர்த் தாய்வீட்டுக்கு அனுப்புகிறார். ஐந்து மாதக் கைக்குழந்தை இங்கேயே இருக்கும். மருதேவி தோய்க்கிற கல்லின்மேல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த இருமல் பச்சமுத்துவின் இருமல்போல இருக்கவே, எந்த அறையில் படுக்கிறாள் என்று காத்தாயி கேட்டாள். பரண் உள்ள அறை. பூச்சி விழுந்து சாகுமென்று, பொழுது சாயுமுன் சாப்பிட்டு விளக்கேற்றாமல் படுக்கிற வீடு. பின்சுவர் ஓட்டையிலிருந்து அந்தியில் என்ன பறந்தது என்று ஒருவரும் பார்த்ததில்லை. காலையில் தரையில் கிடந்தவற்றை எலிப்புழுக்கை என்றே நினைத்தார்கள். பொறி வைக்காத வீட்டில் எலியை என்ன செய்வது? எறும்பு சாகுமென்று தண்ணீர் தெளிக்காமல், பூந்துடைப்பத்தால் தினமும் பெருக்கியது மருதேவிதான்.

காத்தாயி முகத்துணியை இறுக்கிக்கொண்டு, ஒரு புழுக்கையை இலையில் எடுத்து நசுக்கினாள்.

"எலிப்புழுக்கைன்னா காஞ்சா கல்லாட்டம் இருக்கும்மா. இது மாவாப் போவுது பாருங்க. மினுமினுன்னு இருக்குதே, அத்தினியும் பூச்சி றெக்கை, வௌவால் எச்சம். இந்தத் தூசிதான் எம் புருஷனக் கொன்னுச்சு."

ருக்மணியம்மாள் நம்பவில்லை. காத்தாயி ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். ஓட்டுக்கடியில் இருபது வௌவால். ஒவ்வொன்றின் மாரிலும் மயிர் முளைக்காத குட்டி. புகை போட்டால் இன்றைக்கே துரத்திவிடலாம் என்றாள் மேலிருந்தே.

ருக்மணியம்மாள் பதறிப்போனார். பறக்கத் தெரியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிற பாவம் இந்த வீட்டுக்கு வேண்டாம், அதுகளாகப் போகிறவரை அறையைப் பூட்டி வைப்போம் என்றார்.

காத்தாயி இறங்கி வந்து முகத்துணியை அவிழ்த்து, மருதேவியைக் காட்டினாள்.

"வௌவாலுக்குப் பாக்குறீங்களேம்மா. தோ குந்தினுகீதே, அதுவும் பால் குடுக்கறதுதானே?"

ருக்மணியம்மாள் உள்ளே போனார். திரும்பி வந்தபோது இடுப்பில் குழந்தை இருந்தது. அதை மருமகள் மடியில் வைத்துவிட்டு வண்டிக்காரனைப் பார்த்தார்.

"தொண்டூருக்கு வேணாம். பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டு. நானும் வரேன்."

புதுச்சேரியில் சளியைச் சோதித்தார்கள். காசநோய் இல்லை. வீட்டில் வௌவால் உண்டா என்று டாக்டரே கேட்டார். கார்த்திகைக்குள் இருமல் நின்றது. மூச்சு மட்டும் பழையபடி ஆக வெகுநாள் பிடித்தது.

அதற்கு முன்பே, ஆவணியில், வௌவால் எல்லாம் பறந்துபோன ஒரு அந்தியில், ஒரு குட்டியும் தங்கவில்லை என்று பார்த்தபின் ஓட்டையை அடைத்தார்கள். காத்தாயி தண்ணீர் தெளித்து எச்சத்தை மூட்டை கட்டினாள். அப்போது முகத்துணிக்குள்ளிருந்து இருமல் கேட்டது. குழந்தையோடு தள்ளி நின்றிருந்த மருதேவிக்கு அந்த இருமல் தெரிந்த இருமலாக இருந்தது.

"நீயும் ஒரு நட அந்த டாக்டர்கிட்ட வாயேன், காத்தாயி."

"பாக்கலாம்மா" என்று சொல்லி, காத்தாயி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.