அக்காவின் முதுகு நாடா

அக்கா யாரோடும் பேசாமல் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. சரியாகச் சொன்னால் அப்பாவோடு மட்டும்தான் பேச்சில்லை. ஆனால் ஒக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த சின்ன வீட்டில் ஒருவரோடு பேசாவிட்டால் எல்லாரோடும் பேசாதது போலத்தான். பள்ளிக்கூடம் முடிந்ததும் தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் டனீடினுக்குப் போய்ப் பல் வைத்தியம் படிக்கப்போவதாக அவள் சொன்னாள். ஒக்லாந்தில் இல்லாத படிப்பு எதற்கு என்று அப்பா கேட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. "உங்களைச் சாப்பிட வரட்டாம்" என்று அப்பாவிடம் போவேன். "பசிக்கேல்லையாம்" என்று திரும்பி வருவேன். ஏழு வயதில் அது எனக்குப் பெரிய உத்தியோகம்.

அவள் தைத்தது, பல நூற்றாண்டுகளுக்கு முந்திய ஐரோப்பியச் சீமாட்டிகள் போட்டது போன்ற நீளச் சட்டை. அவளுடைய சிநேகிதியின் தாய், அந்தக் காலத்து மனிதர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு வாளும் கேடயமுமாகப் பூங்காவில் கூடுகிற ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர்களுடைய விழாவுக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். அக்கா ஞாயிற்றுச் சந்தையில் பச்சை வெல்வெட் திரைச்சீலை ஒன்றை வாங்கி வெட்டி, அம்மாவின் மெஷினில் தைத்தாள். பொத்தான் இல்லை, ஸிப் இல்லை. முதுகில் இரண்டு வரிசைத் துளைகள். அவற்றில் நாடாவை மாறி மாறிக் கோத்து, இடுப்பிலிருந்து கழுத்துவரை இழுத்துக் கட்டவேண்டும். அந்தச் சீமாட்டிகளுக்கு இதற்கென்றே தோழிகள் இருந்தார்களாம். எங்கள் வீட்டுச் சீமாட்டிக்கு நான் இருந்தேன்.

விழா அன்று காலை அம்மா முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட்டார். நான் பலம் கொண்டமட்டும் இழுத்தேன். விட்டவுடன் நாடா தளர்ந்து, சட்டை தோளிலிருந்து நழுவியது. வெளியே சிநேகிதியின் தாயுடைய கார் வந்து ஹோர்ன் அடித்தது. அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து சோபாவில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார்.

"விடு சின்னவள், நான் கட்டுறன்."

அக்கா முதுகைக் காட்டித் திரும்பினாள். சுவரைப் பார்த்து நின்றாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழ்த்துளையில் தொடங்கினார். பாதி முதுகு வந்ததும் கேட்டார்.

"இறுக்குதோ?"

"இல்லை."

அப்பா நாடாவை அடுத்த துளைக்குள் நுழைத்தார்.

"டனீடினில சரியான குளிராம்."

"ஸ்வெட்டர் இருக்குத்தானே."

"சமைக்கத் தெரியுமோ உனக்கு?"

"பழகுவன் அப்பா."

கழுத்துவரை கட்டி முடித்த அப்பா தள்ளி நின்று பார்த்தார். "ஒரு துளை தவறிப்போச்சு" என்று முழுவதையும் அவிழ்த்தார். எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. மறுபடி அடியிலிருந்து தொடங்கினார்.

"என்ர சகோதரங்கள் எல்லாம் ஆளுக்கொரு நாட்டில. கொம்மாவின்ர ஆக்களும் அப்பிடித்தான். மிச்சம் நாங்கள் நாலு பேர்தானே பிள்ளை."

அக்காவின் தோள் குலுங்கியது. "லீவு விட்டவுடன வந்திடுவன் அப்பா. ஒவ்வொரு லீவுக்கும் வருவன்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. வாள்சண்டை தொடங்கிவிடுமே! காருக்கு ஓடி, அப்பாவுக்குக் கட்டத் தெரியவில்லை என்று சிநேகிதியின் தாயிடம் ஆங்கிலத்தில் முறையிட்டேன். தரையில் புரளும் தன் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் உள்ளே வந்தார். கண்மூடித் திறப்பதற்குள் கட்டிவிடுவேன் என்றார்.

"வேண்டாம், அப்பா கட்டுகிறார்" என்றாள் அக்கா ஆங்கிலத்தில், திரும்பாமலே.

அவர் வாசற்படியில் சற்று நின்று இருவரையும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து மெல்ல வெளியே கூட்டிவந்து, கார் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

வெகுநேரம் கழித்து அக்கா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. நாடா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, கழுத்தடியில் அரிசிச் சாக்குக்குப் போடும் முடிச்சோடு நின்றது. அப்பா வாசலில் நின்று கையசைத்தார். அடுத்த ஆண்டு அவளை டனீடினுக்கு விமானம் ஏற்றிவிட்டவரும் அவர்தான்.

அன்று பூங்கா நிறைய, ஒழுங்காக நாடா கட்டிய சீமாட்டிகள் உலாவினார்கள். அவர்களில் யாராவது உதவிக்கு வந்தால், "என் அப்பா கட்டியது" என்று சொல்லி அக்கா முதுகைத் தொடவே விடவில்லை. எனக்கோ வெட்கம் தாங்கவில்லை. அந்தக் கோணல் ஒருவர் கண்ணிலும் பட்டுவிடக்கூடாதென்று, நாள் முழுவதும் அவளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்தேன்.