கல்பாலத்துக்குக் கீழே ஒரு மாளிகை

விடுதி நண்பர்களே, இன்று ஸ்டூடியோவில் நடந்ததை இந்த அறிவிப்புப் பலகையில் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வீடில்லாதவர்களைப் பற்றிய நம் கல்லூரிப் படக் கண்காட்சிக்காக, வைகைக் கல்பாலத்துக்கடியில் கிடக்கும் ஒரு குடும்பத்தைப் படமெடுத்து, படச்சுருளை ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்திருந்தேன்.

வந்த படத்தின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி, கந்தல் சேலைக்கு ஜரிகைக் கரை! பாலத்தை அழித்துவிட்டு, பின்னால் தூண் வைத்த மாளிகை!

“என்னண்ணே இது? அவங்களுக்கு வீடே இல்லண்ணே!”

“படம் எடுக்கிற எல்லாருக்கும் பின்னால வரையுற மாளிகைதான் தம்பி. இம்புட்டு அழகா வரைஞ்சு குடுத்தா கோவிக்கிறியே!” என்றார் ஸ்டூடியோக்காரர்.

பேராசிரியரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். “பிரமாதம்! இதையே முகப்புல மாட்டுப்பா. தொறந்து வைக்க கலெக்டர் துரை வாரார்” என்றார்.

அந்த மாளிகை எந்தத் தெருவில் இருக்கிறது? தெரிந்தவர்கள் இதன் கீழேயே எழுதுங்கள். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் அவர்களைக் குடியேற்றிவிட வேண்டும்.