மாலையில் போன் எடுக்காத அக்கா

அக்காவை ஒரு கொரியப் பெண் வேறு சபைக்கு மாற்றிவிட்டாள் என்று நான் ஒரு பனிக்காலத்தில் நம்பியிருந்தேன். நினைவு மலரில் இதையா முதலில் எழுதுவது என்று என் மனைவி கேட்டார். இதைத்தான் எழுத வேண்டும். அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், முன்வரிசையில் அக்காவின் பிள்ளைகளான என் மருமக்களுக்குப் பக்கத்தில் இருந்து அழுத அந்தப் பெண்ணைக் காட்டி உங்களில் பலர் என் காதுக்குள் கேட்டீர்கள்.

"தம்பி, உது ஆர்? வாடகைக்கு இருந்த பிள்ளையெண்டால் ஏன் முன்னுக்கு இருக்குது?"

ஒரு மாமா இன்னும் ஒரு படி மேலே போய், "உன்ரை அக்கா வீட்டை கீட்டை எழுதிக் குடுத்திட்டாவோ?" என்றார்.

நான் குறை சொல்லவில்லை. சந்தேகம் எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஆள் குறைவில்லாமல் பங்கிட்ட சொத்து. என் பங்கை நான் முன்பே செலவழித்துவிட்டேன், அவ்வளவுதான்.

அக்கா குருநகரில் ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. அப்பா கடலுக்குப் போனவர். வகுப்பில் கணக்கென்றால் எல்லோரும் அக்காவின் கொப்பியைத்தான் எட்டிப் பார்ப்பார்களாம். பள்ளியில் ஓ.எல். பொதுச் சோதனை எழுத வேண்டிய ஆண்டில் போரால் இடம்பெயர்ந்தோம். புத்தகப் பையை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அக்கா. எந்தப் பாரம் குறைவென்று யோசித்திருந்தால் பையைத்தான் எடுத்திருப்பார்; நான் அப்போதே நல்ல தீன்காரன். அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. கனடா வந்தார். அத்தானைக் கைப்பிடித்தார். பேக்கரித் தொழிற்சாலையில் பாண் வெட்டும் மெஷினுக்கு முன்னால் காலில் நரம்பு புடைக்கும்வரை நின்றார். இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தார். எங்கள் நால்வரையும் ஒவ்வொருவராக இங்கே கூப்பிட்டு எடுத்தார். அத்தான் காலமாகி, பிள்ளைகளும் வேலைக்காக வேறு மாகாணங்களுக்குப் போன பின் அஜின்கோர்ட் வீட்டில் தனியே இருந்தார். அந்த வீட்டின் மேலறைக்குத்தான் சூ-மின் வந்தாள். மருந்தாளர் சோதனைக்குப் படிக்கவந்த பிள்ளை.

பிறகு அக்கா மாலையில் போன் எடுப்பதை நிறுத்தினார்.

எங்கள் அக்கா எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்குத் தெரியும். மணி ஒருமுறை அடிக்க முதல் எடுத்து, "என்னடா, சாப்பிட்டியே?" என்பவர். அவர் திடீரென்று, "தம்பி, ஆறு மணிக்குப் பிறகு அடியாதை, நான் எடுக்கமாட்டன்" என்றார். ஏனென்று கேட்டால், "சும்மாதான்" என்றார். சும்மா என்று சொல்பவர்களை எங்கள் ஊரில் யாரும் நம்பியதில்லை.

வீடுகளில் நடக்கும் செபமாலைக்கும் வராமல் விட்டார். ஒருநாள் மீன் வாங்கிக்கொண்டு போனபோது குசினிச் சுவரில் புரியாத எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. அடுப்பில் கடற்பாசி சூப். எனக்கு ஊற்றித் தந்தார், தான் தொடவில்லை.

"ஏனக்கா, உங்களுக்கு?"

"இந்தக் கிழமை நான் குடிக்கக்கூடாது."

"ஆர் சொன்னது?"

"சூ-மின்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் கறிச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஆறுதலாகத் தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, சாப்பாட்டில விலக்கு வந்திட்டுதெண்டால் அது வேற சபைதான். இனி நகையைக் கழட்டச் சொல்லுவினம். பிறகு சொந்தக்காரரைக் கழட்டச் சொல்லுவினம்."

கழற்றப்படும் சொந்தக்காரர் வரிசையில் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த நாள் மாலை அக்காவின் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தி, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உளவு பார்த்தேன். பக்கத்து வீட்டு அங்கிள் வந்து கண்ணாடியைத் தட்டி, "கார் ஸ்ரார்ட் வரேல்லையோ தம்பி?" என்று கேட்டதைத் தவிர உளவு வெற்றி. சாப்பாட்டு மேசையில் இரண்டு தலைகள் குனிந்திருந்தன. பேச்சில்லை, சிரிப்பில்லை. மேசை ஓரத்தில் ஒரு கம்பியில் போன் நின்று இரண்டு பேரையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று மேசை மணிக்கூடு மின்னியது. இருவரும் ஒரே நேரத்தில் நெற்றியை மேசையில் வைத்துப் படுத்தார்கள். மறுபடி மின்னியது. நிமிர்ந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கட்டுப்பாடான ஆராதனையை நான் எந்தக் கோவிலிலும் கண்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் களத்தில் இறங்கினேன். ஒரு கையில் உயிர் நண்டுப் பை, வந்ததற்குக் காரணம் சொல்ல. மறுகையில் கோவிலில் பாதர் மந்திரித்த தீர்த்தம், தண்ணீர்ப் போத்தலில். என்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்துகொண்டு நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய், "அக்கா!" என்றேன்.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்திப் 'பொறு' என்று காட்டிவிட்டு, மேசையிலிருந்த மணிக்கூட்டைச் சுட்டினார். சூ-மின்னும் அசையவில்லை. நான் நின்றேன். பைக்குள் நண்டுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. இரண்டு பெண்களும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஞானஸ்நானம் எடுத்த நாளுக்குப் பிறகு நான் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்தது அன்றுதான். அந்த ஞானஸ்நானத்திலும் நான் கத்தினேன் என்றுதான் அம்மா சொல்வார்.

மணி அடித்தது. சூ-மின் போனைத் திருப்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் பார்த்துச் சிரித்தார்.

"டேய், உன்ரை வயிறு சியோலில தெரியுதாம். ஆர் இந்த நண்டு மாமா எண்டு கேக்கினம்."

அக்காவுக்கு முன்னால் இருந்தது வேதப் புத்தகமல்ல. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம்.

விளக்கம் பிறகு வந்தது. அவர்கள் நாட்டில் சோதனைக்குப் படிப்பவர்கள் படிக்கும்போது தங்களையே படம் பிடித்து நேரடியாக ஒளிபரப்புவார்களாம். முகம் வராது, புத்தகமும் கைகளும் மட்டும்தான். படம் பிடிக்கும் போனை எடுத்து நோண்ட முடியாது. எங்கோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் எழும்பிப் போகவும் வெட்கமாக இருக்கும். கழிவறைக்குப் போனால்கூட நேரமானியை நிறுத்திவிட்டுப் போவாள் சூ-மின். உண்மையில் படித்த நேரம் மட்டும்தான் கணக்கு. மணிக்கு மணி சின்ன ஓய்வு, மேசையிலேயே தலைவைத்து ஒரு கண்மூடல். கடற்பாசி வழுக்கும் என்பதால் சோதனைக் கிழமையில் அந்த சூப் ஆகாது. ஒட்டுகிற இனிப்புத்தான் நல்லது. சுவரில் ஒட்டியிருந்தது, 'இன்னும் ஒரு பக்கம்' என்பதாம். அக்கா தன் போனை அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிட்டு அவளுக்கு எதிரே இருந்திருக்கிறார். வளையல் போட்ட அந்தக் கை, முகம் தெரியாத எத்தனையோ கொரியப் பிள்ளைகளுக்குப் பழக்கமாகியிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்குச் சொன்னால் ஸ்காபரோ முழுக்கச் சிரிக்கும். சூப் குடியாமலே போன முறை வழுக்கியிட்டன். பெரியாக்கள் படிக்கிற பள்ளிக்கூடத்துச் சோதனை, வாற செவ்வாய் திரும்ப எழுதிறன். இதிலயும் விட்டால் நான் இனி சோதனைக்கு இருக்கமாட்டன் தம்பி, அவ்வளவுதான்."

அக்கா நண்டுப் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இன்னும் கனவு வருதடா. சோதனை மண்டபத்தில மணி அடிக்குது, நான் றோட்டில நிக்கிறன். உன்னை இடுப்பில வைச்சுக்கொண்டு."

அதற்குள் சூ-மின் என் போத்தலிலிருந்த தண்ணீரைக் கேத்தலில் ஊற்றி எல்லோருக்கும் வறுத்த பார்லித் தேநீர் போட்டுவிட்டாள். தீர்த்தத்தில் போட்ட தேநீரை மூவரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம். பாதர் இதை வாசித்தால் மன்னிக்க வேண்டும். தண்ணீர் வேலை செய்தது.

செவ்வாய் காலையில் ஒட்டுகிற இனிப்பாக நான் தொதல் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா ஒரு துண்டு, சூ-மின் ஒரு துண்டு, மிச்சம் முழுவதும் சாரதியான நான். முடிவு வந்ததும் என்னிடம் சொன்னார். "பட்டமளிப்பு மேடையில ஏறினாப் பிறகு எல்லாருக்கும் சொல்லு. அதுக்கு முதல் வாயைத் திறந்தியோ, நண்டு தரமாட்டன்" என்றார். அந்த மேடைக்கு முன் அக்காவுக்கு நோய் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமைகளில் சூ-மின் புத்தகத்தோடு கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பாள். ஆட்கள் வந்தால் எழும்பிப் போகப் பார்ப்பாள். அக்கா விடமாட்டார். "நீ படி பிள்ளை. அந்தத் தாள் திருப்பிற சத்தம் எனக்குப் போதும்" என்பார், தமிழில்தான். அவளும் விளங்கியதுபோலப் படிப்பாள். அப்படி ஒரு பின்னேரம், அவள் தாள் திருப்பிக்கொண்டிருக்க, அக்கா போய்விட்டார்.

இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், நற்கருணை கொண்டுவந்த பாதருக்கும், கேட்காமலே பனி வழித்துவிட்ட, என் உளவைக் காட்டிக்கொடுக்காத பக்கத்து வீட்டு அங்கிளுக்கும், சமைத்துச் சமைத்து அனுப்பிய அன்ரிமாருக்கும், பாடகர் குழுவினருக்கும், தூரம் பாராமல் வந்த எல்லோருக்கும் மருமக்கள் சார்பிலும் எங்கள் சார்பிலும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். சூ-மின்னுக்கும் நன்றி. மாமாவின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: வீட்டை யாரும் எழுதி வாங்கவில்லை.

அந்த வீட்டில் நடந்தது இதுதான். இரண்டு பெண்கள் ஒரு மேசையில் எதிரெதிரே இருந்து படித்தார்கள். அக்கா கணக்குச் சோதனையில் சித்தியடைந்தார்.