ஐந்தாவது ஃப்ரெட்

பால்காரர் செம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் பாத்திரத்தை நீட்டுவேன். எடப்பாடியில் நூல் வாங்கி விசைத்தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவன். தராசு முள் நேராக நின்றாலும் தட்டை ஒரு தட்டு தட்டிப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு. எண்பதுகளின் நடுவில் சேலத்தில் கல்லூரி சேர்ந்தபோது அந்தப் புத்தியும் என்னோடு பஸ் ஏறி வந்தது.

கல்லூரியில் ராக் பாட்டு வாசிக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. அதில் கிடார் வாசித்தவன் என் வகுப்புத் தோழன், மேட்டூர்க்காரன். அவன் அப்பாவுக்கு ரசாயன ஆலையில் வேலை, குடியிருப்பது குவார்ட்டர்ஸில். நானும் ஒரு பழைய கிடாரை வாங்கி விரல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாடுகிறவன் வாயை மூடிக்கொள்ள, கிடார் மட்டும் தனியாகப் பேசுமே, அந்த சோலோவை மேடையில் ஒரே ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும். கடைசி வருடக் கல்லூரி விழாவை விட்டால் எனக்கு வேறு மேடை கிடையாது.

ஆனால் கேட்ட பாட்டிலெல்லாம் சோலோ என்றால் விரல் தீப்பிடிக்கிற வேகம். "எனக்கு ஏத்த மாதிரி ஒண்ணு பாத்துக் குடுடா" என்று அவனிடம் கேட்டேன். பெங்களூரில் வேலை பார்த்த அவன் அண்ணன் அனுப்பிய அசல் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இரண்டு வாரம் அத்தனையையும் ஓட்டி ஓட்டிக் கேட்டு, மூன்று பாட்டு பொறுக்கி, வெற்றுக் கேசட்டில் பதிந்து கொண்டுவந்தான்.

"மூணும் மெதுவாப் போறது. பாடுறவன் பாடுன மெட்டையேதான் கிடார் திருப்பி வாசிக்குது. மொதப் பாட்டுல ஆறே சுரம், ரெண்டு கம்பிக்குள்ள முடிஞ்சிரும். அஞ்சாவது ஃப்ரெட்ல ஆரம்பிக்கோணும்" என்றான். கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கோடுதான் ஃப்ரெட். எந்தக் கோட்டில் எந்த விரல் என்று ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தான்.

இவ்வளவு சுலபமாக ஒன்றை ஒருவன் ஏன் கொடுக்க வேண்டும்? நல்லதையெல்லாம் தனக்கு ஒதுக்கிக்கொண்டு சோப்ளாங்கிப் பாட்டை என் தலையில் கட்டுகிறானோ என்றுதான் முதலில் தோன்றியது.

வீட்டுக்கு வந்து டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டேன். பின்கட்டில் தறி ஓடுகிற சத்தத்தில் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துத்தான் கேட்க வேண்டும். ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்தால் பாட்டோடு சேரவே இல்லை. ஒரு கோடு கீழே இறங்கி நான்காவதில் வைத்தேன். கச்சிதமாக ஒட்டியது. மறுநாளும் நான்குதான். தாளில் ஐந்து, கேசட்டில் நான்கு.

அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. பயல் தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறான்.

சனிக்கிழமைதோறும் மேட்டூர் போவேன். கம்பிகளை அவன்தான் சுதி கூட்டித் தருவான். அவன் வீட்டில் அசல் கேசட்டைப் போட்டால் ஐந்தாவதுதான் சேரும். எனக்குக் கொடுத்ததில்தான் ஏதோ வேலை செய்திருக்கிறான் என்பது இதிலேயே உறுதியாயிற்று. என் கேசட்டை அங்கே கொண்டுபோகவே இல்லை. கொண்டுபோனால் ஆதாரத்தை மாற்றிவிடுவான் என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு மாதம் நான்காவது ஃப்ரெட்டிலேயே சாதகம் செய்தேன்.

ஒத்திகையில் அவன் துணைக்கு வாசிக்க, நான் சோலோவை ஆரம்பித்தேன். தகர டப்பாவை இழுத்ததுபோல இருந்தது. பாட நின்றவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"அஞ்சுடா, அஞ்சாவதுல வெய்யி" என்றான் தோழன்.

"நீ குடுத்த கேசட்டுல நாலுதான் இருக்குது. நான் மேடையில அசிங்கப்படோணும்னுதானே இப்பிடிப் பண்ணுன?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் சுருங்கியது. "செரி, நீ நாலுலயே வாசி. நாங்க சுதிய எறக்கிக்கறோம்" என்றான்.

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டான்!" என்று கத்தினேன்.

அவன் கிடாரை உறையில் போட்டு மூடிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்த வாரம் நூல் விலை ஏறிப்போனதென்று ஊரே தறியை நிறுத்தியது. காதுக்குள் ஏதோ கழன்று விழுந்தது போன்ற அமைதி. கோபம் தீராமல் கேசட்டைப் போட்டேன். பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. பாடகன் குரலே மாறியிருந்தது. கிடாரை எடுத்து நான்காவதில் வைத்தேன், சேரவில்லை. ஐந்தாவதில் வைத்தேன்.

சேர்ந்தது.

அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். "தறி நின்னா இது ஏனுங்க வேகமா ஓடுது?" என்று கேட்டேன்.

"தறி ஓடறப்ப கரண்டு பத்தாம பல்பே மஞ்சளா அழுதுட்டுக் கெடக்குது சாமி. உன்ற பொட்டி மட்டும் முழு வேகத்துல ஓடுமா?"

பிறந்ததிலிருந்து அந்த மஞ்சள் வெளிச்சத்தில்தான் படித்தேன். மேட்டூர் குவார்ட்டர்ஸில் பல்பு வெள்ளையாக எரிவதைப் பார்த்துக்கூட எனக்கு உறைக்கவில்லை. பாட்டு சோம்பி ஓடி, அதனால் சுதியும் ஒரு கோடு இறங்கியதை, பாடியவனுக்கு அத்தனை சோகம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாளே மேட்டூர் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "கிடாரக் குடு" என்று வாங்கிச் சுதி கூட்டித் தந்தான்.

விழாவில் வாசித்தேன். ஐந்தாவது ஃப்ரெட், ஆறு சுரம். கடைசிச் சுரத்தை இழுத்து நிறுத்தியபோது அரங்கம் முழுக்கக் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் அவன் தலை குனிந்து ஒழுங்காகத் துணை வாசித்துக்கொண்டிருந்தான்.

மேடையை விட்டு இறங்கியதும் பையிலிருந்து அண்ணன் அனுப்பிய அசல் கேசட்டை எடுத்து நீட்டினான். "நீயே வெச்சுக்க. நகலுன்னாத்தானே உனக்குச் சந்தேகம்" என்றான்.

வாங்கினேன். வாங்கின கையோடு, அசல்தானா என்று திருப்பிப் பார்த்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டான்.