ஒரே பள்ளத்தில் இரண்டு முட்டை

தக்காளி சுண்டி, மிளகாய்த்தூளின் பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்தில் பிரிந்துவிட்டது. முட்டை ஊற்ற, கரண்டியால் பள்ளம் செய்யப் போனேன். அந்த வாசனை என்னைச் சிறுவயதில் நாங்கள் இருந்த ஆஸ்டின் டவுன் வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும், மாதா கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் அம்மா இதைத்தான் செய்வாள். ஆளுக்கு ஒரு முட்டை, முட்டைக்கு ஒரு பள்ளம். ஒன்றோடு ஒன்று ஒட்டினால் அவளுக்குப் பிடிக்காது.

ஒரு சமயம், ஒரே வீட்டில் இருந்த அப்பாவும் சித்தப்பாவும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவின் ஸ்கூட்டரைச் சித்தப்பா தன் நண்பனுக்குக் கொடுத்திருந்தார். அது முன்பக்கம் நசுங்கி வந்தது. வார்த்தை முற்றி, சித்தப்பா ஜீவனஹள்ளியில் தனி வீடே பார்த்துவிட்டார்.

அந்த ஞாயிறு அம்மா இரண்டு முட்டைகளை ஒரே பள்ளத்தில் ஊற்றினாள். வெந்து ஒட்டிக்கொண்டதை ஒரே தட்டில் எடுத்து, இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"நீங்களே பிரிச்சுக்குங்க. எனக்கு வேலை இருக்கு."

பிறகு அப்பா பிரட்டைப் பிய்த்தபடி, "மஞ்சக்கரு உடையாம வெட்டுடா" என்றார்.

"நீயே வெட்டுண்ணா. நான் வெட்டினா உடைஞ்சிடும்" என்றார் சித்தப்பா.

அவர் வீடு மாறவில்லை.

நேற்று மாலையிலிருந்து நானும் என் கணவரும் பேசவில்லை. இன்று நான் ஒரே பள்ளம்தான் செய்தேன். அவர் சமையலறைக்கு வந்து வாணலியை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒட்டிக்கிச்சே" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு, ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்தேன்.