அரமாகியின் வெள்ளைக்கண்ணிகள்

அரமாகி குனிஹிகோ நகரக் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே முழங்கை நீள லென்ஸ் வைத்த கேமரா ஒன்றை வாங்கினார். பறவைகள்மேல் பிரியம் என்றார். எங்கள் சந்தில் யாரும் நம்பவில்லை. மனைவியிடம்கூட அப்படியொன்றைக் காட்டியறியாத மனிதர்.

ஜனவரியில் எங்கள் ஊர் நுமாஸுவுக்கு வெள்ளைக்கண்ணிக் குருவிகள் வந்துவிடும். கமலா ஆரஞ்சை இரண்டாக அறுத்துக் கிளையில் குத்தி வைத்தால் போதும், ஜோடி ஜோடியாக வந்து தொங்கிக்கொண்டு உறிஞ்சும். எல்லா வீட்டிலும் தலைக்கு மேலே எட்டும் கிளையில் குத்துவோம். அரமாகி முழங்கால் உயரத்தில் குத்தினார். அடியில் கணப்பு வைத்த தாழ்வான மேசையின் போர்வைக்குள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தபடியே அவருக்குப் படம் விழ வேண்டும். எழுந்து நின்றால் குளிருமே.

பக்கத்து வீட்டு மினோவா தொகியின் கறுப்புப் பூனைக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. புருஷன் இறந்த வருடம் தொகி எடுத்து வளர்த்த பூனை, பெயர் நோரி. முதல் வாரத்திலேயே இரண்டு குருவிகளைக் கவ்விக்கொண்டு போனது.

பூனையை விரட்ட எங்கள் ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரிய பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிச் சுவரோரம் வைப்பது. வெயில் பட்டு மினுங்கினால் பூனை மிரளுமாம். மிரண்ட பூனையை நான் பார்த்ததில்லை. அரமாகி குடிநீர் அலுவலகத்தில் விட்ட இடத்தைத் தொடர்கிறவர் மாதிரி நாற்பது பாட்டில்களை நிரப்பி, மரத்தைச் சுற்றி இரண்டு வரிசை அடுக்கினார். அதுவரை பதுங்க ஒரு புல்கூட இல்லாத தோட்டம் அது. இப்போது நோரி பாட்டில்களுக்குப் பின்னால் வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டது. அந்த வாரம் மூன்று குருவிகள்.

தொகிதான் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

“அரமாகி சான், பழத்தைக் கொஞ்சம் மேல குத்துங்களேன். நீங்க நோரிக்குப் பந்தி போட்டு வெச்ச மாதிரி இருக்கு.”

“மேல குத்தினா கிளை குறுக்க வருது. படத்துக்கு ஆகாது.”

“படத்துக்கு வெக்கிறீங்களா, குருவிக்கு வெக்கிறீங்களா?”

“பூனைய அடக்கத் தெரியல, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்க.”

வருடத்துக்கு ஒரு வீடாகச் சுற்றும் சந்துச் சங்கத் தலைமை அந்த வருடம் அரமாகி வீட்டுக்கு வந்திருந்தது. மாதாமாதம் வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்பு ஃபைலில், குப்பை எடுக்கும் நாள் மாறியதற்கும் தீயணைப்புப் பயிற்சிக்கும் நடுவே, தன் கையெழுத்தில் ஒரு தாளைச் செருகினார். வெளியே திரியும் பூனையால் காட்டுயிர் அழிகிறது, உரியவர் அதை வீட்டுக்குள் அடைக்கவும், இயலாவிட்டால் வேறிடம் அனுப்பவும் என்று. ஃபைல் வந்தால் அவரவர் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வாசலில் வைப்பது வழக்கம். முத்திரைக்குப் படித்தேன் என்றுகூட அர்த்தமில்லை, கையை விட்டுப் போனால் சரி என்றுதான் அர்த்தம். அரமாகி அதைச் சம்மதம் என்று எண்ணினார், அல்லது எண்ணுகிற மாதிரி வைத்துக்கொண்டார். எப்போதும் இரண்டாவதாகத் தொகி வீட்டுக்குப் போகிற ஃபைல் அந்தத் தடவை கடைசியாகப் போனது. பன்னிரண்டு வீட்டில் பதினொரு முத்திரை. என்னுடையதும் அதில் இருந்தது. அடுப்பில் மீன் கருகிக்கொண்டிருந்தது, குத்திவிட்டேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“தொகி சான், சத்தியமா நான் படிக்கவேயில்ல.”

“தெரியும். படிச்சிருந்தாலும் குத்தியிருப்பீங்க.” கோபம் இல்லாமல்தான் சொன்னாள். “பதினோரு வயசாச்சு இதுக்கு. எங்க அனுப்புவேன்? உள்ளயே வெச்சுக்கறேன். கத்திக் கத்திச் செத்துப்போகாம இருந்தா சரி.”

நோரி ஒன்பது நாள் கத்தியது. காகிதக் கதவுகளையெல்லாம் நார் நாராகக் கிழித்தது. தின்பதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டது. தொகியும் அப்படித்தான். பத்தாம் நாள், பூனைக்கு வேடிக்கை காட்டலாம் என்று மாடி ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கம்பில் அரை ஆரஞ்சைக் கட்டிவிட்டாள். வெள்ளைக்கண்ணிகள் வந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நோரி உட்கார்ந்து தாடை நடுங்கப் பார்த்தது. கத்த மறந்துவிட்டது. அன்று மாலை தட்டைக் காலி செய்தது.

அரமாகி என்ன செய்தார் என்றால், ஒரு நல்ல படம் எடுத்தார். நகர மன்றக் கண்காட்சியில் அதற்கு ஊக்கப் பரிசு என்று தங்கக் காகிதம் ஒட்டினார்கள். அதோடு அவருடைய பறவைப் பிரியம் தீர்ந்தது. பிப்ரவரியின் மிகக் குளிரான வாரத்தில் பழம் வைப்பதை நிறுத்திவிட்டார். குருவிகள் இரண்டு நாள் வெறுங்கிளையில் வந்து உட்கார்ந்து பார்த்தன. பிறகு கூட்டமாகத் தொகியின் கம்புக்கு மாறிக்கொண்டன. தின்றுவிட்டுப் பறக்கிற வழி அரமாகியின் மாடிக் கைப்பிடி. அங்கேதான் அவர் மெத்தையைக் காயப்போடுவார்.

ஒரு மத்தியானம் நான் தொகி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அரமாகி வாசலில் வந்து நின்றார். தொகி அவரை உள்ளே ஏறச் சொல்லவில்லை.

“மினோவா சான், உங்க வீட்டுக் குருவிங்க எச்சம் போட்டு என் மெத்தைய நாசம் பண்ணுதுங்க.”

“என் வீட்டுக் குருவிங்களா?”

“அதுக்கில்ல. நோரிய இப்படி அடைச்சு வெக்கறதும் பாவம்தானே. நானும் யோசிச்சேன். பகல்ல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் வெளிய விட்டீங்கன்னா, குருவிங்க தானா...”

சொல்லும்போது முகத்தில் கூச்சத்தின் நிழல்கூட இல்லை. பூனைக்கு உபகாரம் செய்யத்தான் வந்திருப்பதாக அவரே நம்பியிருப்பார்.

தொகி எழுந்து வாசலுக்குப் போனாள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பூனை வராது, அரமாகி சான். மெத்தைய உள்ள எடுங்க.”